அலர்ஜி மாத்திரையின் பக்க விளைவுகள்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்துக்கும் முக்கூடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் பல ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். மாசி, பங்குனியில் பிசான நெல் அறுவடையாகும்போது சுணை பட்டு உடம்பெல்லாம் ஊறல் எடுப்பவர்கள் கடைக்கு வருவார்கள். ஆடியில் மேற்கே சாரலும் கிழக்கே புழுதிக் காற்றுமாக இருக்கும்போது தும்மலும் மூக்கொழுகலுமாக வருவார்கள். பீடி சுற்றும் பெண்கள் புகையிலைத் தூளின் நெடி தாங்காமல் ஆண்டு முழுவதும் வருவார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணாச்சி, அந்தச் சின்ன மாத்திரை ரெண்டு குடுங்க."

அது விலை மலிந்தது, அளவில் சிறியது, கேட்டவுடன் கிடைப்பது. அதனாலேயே பலர் அதை ஒரு மருந்தாகக் கருதுவதில்லை. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடுபவற்றை வரிசையாகச் சொல்வார்கள். இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அப்படி விட்டதால் வந்த தொல்லைகளை நேரில் கண்டிருப்பதால்தான், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அலர்ஜி மாத்திரைகள் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஒவ்வாத பொருள் ஒன்று உடலுக்குள் நுழைந்தால் சில செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, தோல் தடிப்பு ஆகியவை பெரும்பாலும் அதனால் வருபவை. அந்த ஹிஸ்டமின் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தை முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும் மருந்துகளை ஆன்டிஹிஸ்டமின் என்கிறோம். இவற்றில் இரண்டு தலைமுறைகள் உண்டு.

பழைய தலைமுறையைச் சேர்ந்தவை குளோர்பெனிரமின், பெனிரமின், புரோமெத்தசின், ஹைட்ராக்சிசின், டைபென்ஹைட்ரமின், சைப்ரோஹெப்டடின் முதலியன. மக்கள் சி.பி.எம். என்றும் அவில் என்றும் கேட்டு வாங்குபவை முறையே குளோர்பெனிரமினும் பெனிரமினும் ஆகும். புதிய தலைமுறையைச் சேர்ந்தவை செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோரடடின், ஃபெக்சோபெனடின், பிலாஸ்டின் முதலியன. இங்கே நான் சொல்லும் தொல்லைகளில் பெரும்பாலானவை பழைய தலைமுறையைச் சார்ந்தவை. எனவே தாம் சாப்பிடுவது எந்தத் தலைமுறை மருந்து என்பதை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சளி மாத்திரை, இருமல் டானிக் என்ற பெயரில் விற்கப்படும் கலவைகளுக்குள்ளும் பெரும்பாலும் பழைய மருந்து ஒன்று இருக்கும்.

இந்த மாத்திரையைப் போட்டால் ஏன் உறக்கம் வருகிறது?

ஹிஸ்டமின் அலர்ஜியின்போது மட்டும் சுரப்பதன்று. மூளையில் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியில் உள்ள சில நரம்பணுக்கள் அதைச் சுரந்துதான் நம்மை விழிப்போடு வைத்திருக்கின்றன. பழைய தலைமுறை மருந்துகள் கொழுப்பில் எளிதாகக் கரைபவை. ஆகவே ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைக் கடந்து உள்ளே போய், அந்த விழிப்பையும் சேர்த்து அடைத்துவிடுகின்றன. புதிய மருந்துகள் எளிதில் உள்ளே போவதில்லை. போனாலும் அந்தத் தடுப்பிலுள்ள புரதங்கள் அவற்றை வெளியே தள்ளிவிடுகின்றன.

ஆனாலும் புதியவை எல்லாமே உறக்கம் தராதவை என்று எண்ணிவிடக் கூடாது. செட்ரிசின் 10 மில்லிகிராம் சாப்பிட்ட பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேர் அளவில் கிறக்கம் ஏற்பட்டதாகவும், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 6 பேர் அளவில் ஏற்பட்டதாகவும் அம்மருந்தின் அமெரிக்கக் குறிப்பேடு சொல்கிறது. ஃபெக்சோபெனடின் இந்த வகையில் மிகக் குறைந்த தொல்லை தருவது.

எனக்கு உறக்கமே வரவில்லை. அப்படியானால் வண்டி ஓட்டலாம் அல்லவா?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளிலேயே நான் மிகவும் அஞ்சும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்கரச் சாலையில் சரக்கு வண்டி ஓட்டுபவர்களாகவோ, இரவில் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர்களாகவோ, விடியற்காலையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்களாகவோ இருப்பார்கள்.

உறக்கம் வருவதும் செயல் மந்தப்படுவதும் வேறு வேறு. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒவ்வாமை உள்ள 40 பேரைக் கார் ஓட்டும் பயிற்சி இயந்திரத்தில் அமரவைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒருமுறை டைபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம், ஒருமுறை ஃபெக்சோபெனடின், ஒருமுறை மது, ஒருமுறை வெற்று மாத்திரை என அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மது குடித்தபோது ஓட்டியதைவிட டைபென்ஹைட்ரமின் சாப்பிட்டபோது அவர்கள் மோசமாக ஓட்டினார்கள். ஃபெக்சோபெனடின் சாப்பிட்டபோது வெற்று மாத்திரைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. நான் எல்லாரிடமும் எடுத்துச் சொல்வது அந்த ஆய்வின் மற்றொரு முடிவை: தமக்கு எவ்வளவு உறக்கம் வருகிறது என்று அவர்கள் சொன்னதை வைத்து, அவர்கள் எப்படி ஓட்டுவார்கள் என்று சரியாகக் கணிக்க முடியவில்லை. கொட்டாவி வராமலே கை பிரேக்கைப் பிடிக்கப் பிந்தும். கண் திறந்திருக்கும்போதே எதிரே வரும் வண்டியின் வேகத்தை மனம் தப்பாகக் கணக்கிடும்.

ஆகவே பழைய தலைமுறை மருந்தைச் சாப்பிட்ட நாளில் வண்டியோ இயந்திரமோ ஓட்டக் கூடாது என்பதே என் பதில். பனை ஏறுபவர்களுக்கும் இதையே சொல்கிறேன். திசையன்விளைப் பக்கம் பதநீர்க் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ மரம் ஏறி இறங்குபவருக்கு ஒரு நொடித் தடுமாற்றமே போதும். இப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொன்னால், கிறக்கம் தராத மருந்தைப் பார்த்து எழுதிக் கொடுப்பார்.

இரவில் போட்டுக்கொண்டால் காலையில் தெளிந்துவிடுமா?

எல்லா மருந்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது. குளோர்பெனிரமினின் அளவு பெரியவர்களின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். செட்ரிசினுக்கு அது 8 மணி நேரம். இரவு பத்து மணிக்குச் சி.பி.எம். போட்டவரின் உடலில் காலை ஆறு மணிக்கும் பெரும்பகுதி மருந்து இருந்துகொண்டுதான் இருக்கும். காலையில் சடவாக இருக்கிறது, தலை பாரமாக இருக்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு இது காரணம். உறக்கம் வரவில்லை என்பதற்காகவே இந்த மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் பெருகியிருக்கிறது. அது உறக்க மருந்தன்று. சில நாளில் உடல் அதற்குப் பழகி உறக்கம் வராமல் போகும். மற்றத் தொல்லைகள் மட்டும் மிஞ்சும்.

வாய் வறளுகிறது, மலம் இறுகுகிறது, கண் மங்கலாகத் தெரிகிறது. இவையும் இதனாலா?

பழைய தலைமுறை மருந்தாக இருந்தால், ஆம். அவை ஹிஸ்டமினை மட்டும் அடைப்பதில்லை. உடலில் உமிழ்நீரையும் வியர்வையையும் சுரக்க வைத்து, குடலையும் சிறுநீர்ப்பையையும் சுருங்க வைக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையையும் தடுக்கின்றன. அதனால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, குடல் மந்தமாகிறது, எழுத்துக் கலங்கித் தெரிகிறது. அடிக்கடி தண்ணீர் குடிப்பதும், கீரையும் பழமும் சேர்த்துக்கொள்வதும் போதும். மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும்.

ஆனால் கண் நீர் அழுத்த நோயில் (கிளாக்கோமா), கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் கோணம் குறுகியிருக்கும் வகையினர் இம்மருந்தைச் சாப்பிடவே கூடாது. கண்ணில் கடும் வலியும் சிவப்பும், விளக்கைச் சுற்றி வட்டங்களும் தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டில் எழுபது வயதுப் பெரியவர் இருக்கிறார். தடுமனுக்கு ஒரு மாத்திரை கொடுக்கலாமா?

கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: சிறுநீர் எப்படிப் போகிறது? இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருக்கிறாரா, நீர் மெல்லிதாகச் சொட்டிச் சொட்டிப் போகிறதா, போன பிறகும் மீதி இருப்பதுபோல் இருக்கிறதா? வயதான ஆண்களில் பலருக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கும்; அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், களத்தில் காவலிருந்து தடுமன் பிடித்ததாகச் சொல்லிச் சளி மாத்திரை வாங்கிப் போனார். காய்ச்சல் மருந்தும் குளோர்பெனிரமினும் மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்த கலவை அது. மூன்றாம் நாள் மாலையில் அவருக்குச் சிறுநீர் கட்டிக்கொண்டது. வெயில் காலம் ஆகையால் சூடு பிடித்திருக்கிறது என்று வீட்டார் எண்ணி, இளநீரும் நன்னாரி சர்பத்தும் மாற்றி மாற்றிக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அடைத்த குழாய்க்கு மேலே இன்னும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? இரவு ஒன்பது மணிக்கு மகன் என்னைத் தேடி வந்தபோது, பெரியவர் திண்ணையில் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிவயிறு கல் போல இறுகி மேடாகியிருந்தது; வேட்டியைத் தளர்த்திவிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் குழாய் செருகி நீரை எடுத்த பிறகுதான் அவரால் பேச முடிந்தது.

அந்த மாத்திரையை விற்றவன் நான். சிறுநீர் எப்படிப் போகிறது என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. அன்று முதல் அறுபது வயதைத் தாண்டிய எந்த ஆணுக்கும் அதைக் கேட்காமல் சளி மாத்திரை கொடுப்பதில்லை. கலவையில் இருந்த மூக்கடைப்பு மருந்தும் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கக் கூடியதே. அது ரத்த அழுத்தத்தையும் ஏற்றக் கூடும்.

வயதானவர்கள் இதைச் சாப்பிட்டால் மறதி வருமா?

உடனடியாக வரக்கூடியது குழப்பம். இரவில் எழுந்து எந்த வீட்டில் இருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பது, இல்லாத ஆளிடம் பேசுவது, கால் தடுமாறி விழுவது ஆகியவற்றை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆச்சிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டார் அழும்போது, ஒரு வாரமாக அவர் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று பார்த்தால் சில வேளைகளில் விடை அங்கேயே இருக்கும். மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பட்டியலில் பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்கள் நெடுங்காலமாக இடம்பெற்றிருக்கின்றன.

நீண்டகால மறதிநோயைப் பொறுத்தவரை, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 3,434 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளைப் பல ஆண்டுகள் அதிகம் சாப்பிட்டவர்களிடம் மறதிநோய் கூடுதலாகக் காணப்பட்டது. அந்த மருந்துகளில் ஆன்டிஹிஸ்டமின்களோடு மனச்சோர்வு மருந்துகளும் சிறுநீர்ப்பை மருந்துகளும் அடக்கம். இரண்டும் சேர்ந்து காணப்பட்டதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு நாள் சாப்பிட்ட மாத்திரைக்காக யாரும் பயப்பட வேண்டாம். ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் பேசி, புதிய தலைமுறை மருந்துக்கு மாறுவது நல்லது.

வெயிலில் வயல் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

உண்டு, இதை நம் ஊரில் யாரும் கேட்பதே இல்லை. பழைய தலைமுறை மருந்துகள் வியர்வையைக் குறைக்கின்றன என்று மேலே சொன்னேன். சித்திரை, வைகாசி வெயிலில் நம் உடம்பைக் காப்பது வியர்வைதான். வியர்க்காமல் உடல் காய்ந்து, தலை கனத்து, பேச்சுக் குழறினால் அது வெப்ப வாதமாக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

குழந்தைக்குச் சளி மருந்து கொடுக்கலாமா?

சாதாரணத் தடுமனுக்கு ஆன்டிஹிஸ்டமின் கலந்த டானிக் சிறு குழந்தைகளுக்குப் பெரிய பயன் தருவதில்லை, தொல்லைதான் அதிகம். 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, குளோர்பெனிரமினும் பீனைலெஃப்ரின் என்ற மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்த கலவை மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையைப் புட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்கு ஆணையிட்டது. புரோமெத்தசினை 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுத்தால் மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004-இலேயே கட்டமிட்ட எச்சரிக்கை (மருந்தின் குறிப்பேட்டில் கட்டத்துக்குள் அச்சிடப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கை) விதித்தது.

அளவும் ஒரு பெரிய சிக்கல். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தி கொண்டவை அல்ல. அண்ணனுக்கு வாங்கிய சிரப்பைத் தம்பிக்குச் "சங்குல பாதி" என்று புகட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஓர் அளவு. புட்டியோடு வரும் மூடியில் உள்ள கோட்டையோ, ஊசி இல்லாத சிரிஞ்சையோதான் அளக்கப் பயன்படுத்த வேண்டும். குழந்தை அழுகிறது, பயணத்தில் உறங்கட்டும் என்பதற்காக இம்மருந்தைக் கொடுப்பது மிகத் தவறு.

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்த செய்திக்குப் பிறகு, செட்ரிசின் சிரப்பே ஆபத்தா என்று பல தாய்மார்கள் என்னிடம் கேட்டார்கள். அந்த இறப்புகளுக்குக் காரணம் மருந்தில் கலந்திருந்த டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பான், ஆன்டிஹிஸ்டமின் அன்று. மருத்துவர் எழுதிய மருந்தை அச்சத்தால் நிறுத்த வேண்டியதில்லை. எழுதாத மருந்தை வாங்கவும் வேண்டியதில்லை.

மருந்து கொடுத்தால் பிள்ளை உறங்குவதற்குப் பதிலாக ஓடியாடி ரகளை செய்கிறானே?

சில குழந்தைகளுக்குப் பழைய தலைமுறை மருந்து இப்படி நேர்மாறாக வேலை செய்யும். பதற்றமும் அழுகையும் உறக்கமின்மையும் வரும். மேலும் ஒரு மூடி கொடுத்து அடக்கப் பார்க்காமல், நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிப்பு நோய் உள்ள குழந்தையானால் இம்மருந்துகளைக் குறித்து முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அவை வலிப்பைத் தூண்டக் கூடும்.

பசி எடுக்கவும் உடம்பு பூசவும் ஒரு மாத்திரை தருகிறார்களே, அது என்ன?

பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின், அதுவும் ஓர் ஆன்டிஹிஸ்டமின்தான். பசியைத் தூண்டுவது அதன் பக்க விளைவு. அந்தப் பக்க விளைவையே பயனாக்கிக் கொடுக்கிறார்கள். திருமணம் நிச்சயமான பெண்களுக்கு வீட்டார் வந்து கேட்பதுண்டு. வகுப்பில் அசந்து உறங்கும் மாணவிகளின் பையில் இந்த அட்டை இருந்ததையும் கண்டிருக்கிறேன். நிறுத்தியதும் பசி பழைய நிலைக்குத் திரும்பும். இளைப்புக்கு என்ன காரணம் என்று பார்க்காமல் இதைக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. மற்ற ஆன்டிஹிஸ்டமின்களாலும் சிலருக்குப் பசியும் எடையும் சற்றுக் கூடலாம்.

இதயத்துக்குக் கெடுதி என்று சொல்கிறார்களே?

அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. உறக்கம் தராத முதல் மருந்துகளாகப் புகழ்பெற்ற டெர்பெனடினும் அஸ்டெமிசோலும், சில ஆன்டிபயாடிக்குகளோடும் பூஞ்சை மருந்துகளோடும் சேரும்போது உடலில் தேங்கி, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்தன. உயிரிழப்புகளும் நேர்ந்தன. அமெரிக்காவில் முன்னது 1998-இலும் பின்னது 1999-இலும் விலக்கிக்கொள்ளப்பட்டன. டெர்பெனடின் உடலுக்குள் மாறி உருவாகும் பொருள்தான் ஃபெக்சோபெனடின். பயனை வைத்துக்கொண்டு அந்தக் கெடுதலை மட்டும் கழித்த மருந்து அது.

இன்று விற்பவற்றில் கவனம் தேவைப்படுவது ஹைட்ராக்சிசின். துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்றும், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமும் முதியவர்களுக்கு 50 மில்லிகிராமும் தாண்டக் கூடாது என்றும் 2015-இல் ஐரோப்பிய மருந்து முகமை வரையறுத்தது.

மருத்துவர் எழுதிய மாத்திரையில் மான்டெலுகாஸ்டும் சேர்ந்திருக்கிறது. அதைச் சாப்பிட்டதிலிருந்து கெட்ட கனவு வருகிறது. தொடரலாமா?

லெவோசெட்ரிசினும் மான்டெலுகாஸ்டும் சேர்ந்த மாத்திரை இப்போது மிகப் பரவலாக எழுதப்படுகிறது. மான்டெலுகாஸ்ட் ஆன்டிஹிஸ்டமின் அன்று, தனி வகை. சிலருக்கு அது கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம் வரை கொண்டுவரலாம் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கட்டமிட்ட எச்சரிக்கை வெளியிட்டது. கனவுதானே என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். குழந்தைகள் சாப்பிடும்போது, இரவில் அலறி எழுந்தாலோ வழக்கத்துக்கு மாறாக முரண்டு பிடித்தாலோ பெற்றோர் அதைக் கவனிக்க வேண்டும்.

செட்ரிசினை நிறுத்தினால் அரிப்பு முன்பைவிட அதிகமாகிறது. அடிமையாகிவிட்டேனா?

அடிமையாவது என்ற சொல் இதற்குப் பொருந்தாது. ஆனால் நீங்கள் சொல்வது கற்பனையன்று. செட்ரிசினையோ லெவோசெட்ரிசினையோ பல மாதங்கள், ஆண்டுகள் தினமும் சாப்பிட்டுவிட்டு நிறுத்தும்போது, சிலருக்குச் சில நாட்களுக்குள் உடலெங்கும் கடும் அரிப்பு வருவதாக 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. உலக அளவில் 209 பேரின் விவரம் அதனிடம் வந்திருந்தது. கோடிக்கணக்கானோர் சாப்பிடும் மருந்தில் இது அரிதானதே. மருந்தைத் திரும்பத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் குறைத்தபோது பலருக்கு அரிப்பு அடங்கியது. அதை மருத்துவரின் வழிகாட்டலோடு செய்ய வேண்டும்.

பீடி சுற்றும் பெண் ஒருவர் மூன்று ஆண்டுகளாகத் தினமும் ஒன்று போட்டு வந்தார். கோயில் கொடைக்காக வேலைக்கு விடுப்பு எடுத்த வாரத்தில் மாத்திரையையும் நிறுத்தினார். உள்ளங்கை, உள்ளங்காலெல்லாம் ஊறல் தாங்காமல், சாமி குற்றமோ என்று அழுதுகொண்டே வந்தார். அவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு இரண்டு நாள் விட்டு ஒரு நாள் என்று மருத்துவர் குறைத்துக் கொடுத்தார்.

கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சாப்பிடலாமா?

மருத்துவரைக் கேட்டுத்தான். லோரடடின், செட்ரிசின் ஆகியவற்றை மருத்துவர்கள் தேவைக்கேற்பக் கொடுப்பதுண்டு. பாலூட்டும் காலத்தில் பழைய தலைமுறை மருந்துகள் குழந்தையைக் கிறங்க வைக்கவும் பால் சுரப்பைக் குறைக்கவும் கூடும்.

எவற்றோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது?

மதுவோடு கூடவே கூடாது. உறக்க மாத்திரை, வலிப்பு மருந்து, மனநல மருந்து, வலிக்கான டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றோடு சேர்ந்தால் கிறக்கம் பன்மடங்காகும். சளி மாத்திரைக் கலவையில் பாரசிட்டமாலும் இருக்கும். அதன் மேல் காய்ச்சலுக்கென்று தனியாகப் பாரசிட்டமால் போட்டால் கல்லீரலுக்குக் கேடு.

ஃபெக்சோபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் பழச்சாற்றோடு விழுங்கினால் குடல் அதைச் சரியாக ஈர்த்துக்கொள்ளாது. தண்ணீரோடு விழுங்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்கான ஜெலுசில் போன்ற மருந்துக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குச் செட்ரிசினின் அளவையும் லெவோசெட்ரிசினின் அளவையும் குறைக்க வேண்டும். அவை வெளியேறும் வழி சிறுநீரகம்தான். தோலில் அலர்ஜிப் பரிசோதனை செய்யப் போகிறவர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். சரியான நாள்கணக்கைப் பரிசோதனை செய்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கதண்டு கொட்டிவிட்டது, பாம்பு கடித்துவிட்டது என்றால் ஓர் அவில் போட்டுக்கொண்டால் போதுமா?

போதாது. குளவியோ கதண்டோ கொட்டிய இடத்தில் மட்டும் வீக்கமும் அரிப்பும் இருந்தால் மாத்திரை உதவும். ஆனால் உதடும் நாக்கும் வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, தலைசுற்றிக் கண் இருட்டுவது, உடலெங்கும் தடித்து வாந்தி வருவது ஆகியவை உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையின் அறிகுறிகள். அப்போது உயிர் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி ஒன்றுதான். மாத்திரை வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை அந்த நிலை காத்திருக்காது. மாத்திரை போட்டாயிற்று, பார்க்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் இந்த மருந்து தரும் பக்க விளைவுகளிலெல்லாம் கொடியது என்று நான் நினைக்கிறேன். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து மட்டுமே மருந்து. களக்காட்டிலானாலும் கடையத்திலானாலும் 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால்?

உடல் சூடேறி, கண்பாவை விரிந்து, தோல் உலர்ந்து சிவந்து, பிதற்றலும் வலிப்பும் வரலாம். இதயத் துடிப்பும் பிறழலாம். குழந்தை இரண்டு மூன்று விழுங்கியிருந்தாலும் ஆபத்து. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் கொடுக்காதீர்கள். காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டு மாத்திரைதான் வேண்டும். அட்டையை நறுக்கித் தரலாமா?

தருகிறேன், ஆனால் பெயரையும் காலாவதித் தேதியையும் ஓர் உறையில் எழுதித் தருவேன், அந்த உறையை எறிந்துவிடாதீர்கள். சென்ற மாதம் ஓர் ஆச்சி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு அட்டையை மேசை மேல் வைத்து, "இதுல ஒண்ணு குடுய்யா" என்றார். இலை வெட்டும் கத்தரியால் ஒரே ஒரு மாத்திரையைச் சுற்றி நறுக்கியிருந்தார்கள். வெள்ளிப் பக்கத்தில் மிஞ்சியிருந்தது "மின்" என்ற ஓசையில் முடியும் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டுமே. அது குளோர்பெனிரமினாகவும் இருக்கலாம், சர்க்கரைக்கான மெட்ஃபார்மினாகவும் இருக்கலாம். எதற்காகப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தாள், போட்டால் நன்றாக உறக்கம் வருகிறது என்றார். அவர் வீட்டிலுள்ள மற்ற மருந்துகளையும் எடுத்து வரச் சொல்லி, மேசை மேல் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று, பெயரில்லாத துண்டுகள் நான்கு. அந்த நான்கையும் அவர் சம்மதத்தோடு தனியே எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்படி மீதியைப் பெயர் எழுதிய உறைகளில் போட்டுக் கொடுத்தேன்.